பெயருக்கு ஒரு சங்கிலி போதுமா?

மாசி மாதம் பிறந்துவிட்டால், நெல் மூட்டை ஏற்றிய பெட்டிகளை இழுத்துச் செல்லும் உழவு இயந்திரங்களின் ஓசை வன்னி வீதிகளில் இரவு பகலாய் ஓயாது. விளைச்சல் வீடு வந்து சேரும் அவ்வோசை செவிக்கு இனியதே. ஆயினும், சில ஆண்டுகளுக்கு முன் அறுவடைக் காலத்தில் நாம் கண்ட காட்சியொன்று, அவ்வோசையைக் கேட்குந்தோறும் எம்மைத் திடுக்குற்றுத் திரும்பிப் பார்க்கச் செய்கின்றது.

பாடசாலை விட்ட நேரம். மூட்டைகள் அடுக்கிய பெட்டியுடன் ஓர் உழவு இயந்திரம் எமது கல்லூரி வாயிலைக் கடந்தது. மதகில் ஏறி இறங்கிய குலுக்கத்தில், பெட்டியை இயந்திரத்துடன் பிணைத்திருந்த ஆணி மேலெழுந்து கழன்றது. பெட்டியின் முன்னே நீண்டிருந்த இரும்புத் தண்டு நிலத்தில் வீழ்ந்து வீதியைக் கீற, பெட்டி பக்கவாட்டில் திரும்பி, வேலியை முறித்துக்கொண்டு சாய்ந்தது. வேலியோரம் சாத்தியிருந்த துவிச்சக்கரவண்டி உருத்தெரியாமல் நசுங்கியது. அதற்குரிய மாணவன் தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குச் சென்றிருந்தான். அந்த ஒரு மிடறு தண்ணீரே அவனைக் காத்தது.

வெளிறிய முகத்துடன் இறங்கி வந்த சாரதி, “சங்கிலியும் போட்டனான்தானே, சேர்!” என்றார்.

அவர் பொய் கூறவில்லை. சங்கிலி இருந்தது. ஆனால் அதன் முன்முனை, கழன்றுபோன அதே ஆணியில் மாட்டப்பட்டிருந்தது! ஆணி போனபோது சங்கிலியும் உடன்போயிற்று.

பாதுகாப்புச் சங்கிலியின் பணி யாதென்பதை மறந்தமையால் நேர்ந்த பிழை இது. ஆணி கைவிடும் ஒரு கணத்துக்காகவே சங்கிலி காத்துக் கிடக்கின்றது. ஆகவே, அது ஆணியையோ, ஆணி கோக்கும் கொழுவியையோ நம்பியிருத்தல் ஆகாது. இயந்திரத்தின் உறுதியான உடற்பகுதியில், அதற்கெனத் தனியே அமைந்த வளையத்தில் அதனைக் கொழுவ வேண்டும். இதுவே முதலாவது விதி.

இரண்டாவது, வலிமை. சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். 65 கிலோ நிறையுள்ள 40 மூட்டைகள் 2,600 கிலோவாகும். பெட்டியின் சொந்த நிறையையும் சேர்த்தால் மூன்று தொன்னை எட்டிவிடும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் அப்பாரத்திற்குள்ள சக்தி, அதே பாரம் ஐந்தடி உயரத்திலிருந்து விழும்போது பெறும் சக்திக்கு ஒப்பானது. இதனை மாடு கட்டும் சங்கிலியால் தடுத்துவிடலாமென எண்ணுவது பேதைமையன்றோ? 3/8 அங்குலத் தடிப்புள்ள சாதாரணச் சங்கிலி தாங்கத்தக்க வேலைச் சுமை ஏறத்தாழ 1,200 கிலோ மட்டுமே. அதே தடிப்பில் 70ஆம் தரச் சங்கிலியோ ஏறத்தாழ 3,000 கிலோவைத் தாங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகையால் வாங்கும்போது தடிப்பை மட்டுமன்றித் தரத்தையும் கேட்டறிதல் வேண்டும். பாரமேற்றிய பெட்டியின் மொத்த நிறைக்குக் குறையாத வலிமை சங்கிலிக்கு இருத்தல் அவசியம்.

மூன்றாவது, நீளம். சங்கிலி குறுகியதாயின், முடக்கில் திரும்பும்போது இறுகித் தெறித்துவிடும். நீண்டதாயின், தாரில் உரசித் தேய்வதோடு தீப்பொறியும் சிந்தும். இவ்வாறு இழுபடும் சங்கிலிகளால் வீதியோரப் புல் பற்றிக்கொள்ளும் என்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத் தீயணைப்புத் துறையினர் எச்சரித்து வருகின்றனர். வைக்கோல் ஏற்றிச் செல்லும் நாம் இதனைப் பெரிதும் கருத்திற் கொள்ள வேண்டும். தடையின்றித் திரும்புதற்குப் போதுமான தளர்வே அளவு. மிகுந்த நீளத்தைக் குறைப்பதற்காகச் சங்கிலியை முறுக்குவோரும் உளர். முறுக்கினால் கண்ணிகள் வலுவிழக்கும்.

நான்காவது, இரண்டு சங்கிலிகளைப் பூட்டும் முறை. இடப்புறச் சங்கிலியை வலப்புற வளையத்திலும், வலப்புறச் சங்கிலியை இடப்புற வளையத்திலுமாக, இரும்புத் தண்டின் கீழே குறுக்காகக் கொழுவ வேண்டும். ஆணி கழன்றாலும் தண்டு நிலத்தில் குத்தாமல், தொட்டிலில் கிடக்கும் குழந்தைபோல் அச்சங்கிலிகள்மீது தங்கிவிடும். சாரதி உடனே தடுப்பை அழுத்தினால் பெட்டி முன்னோக்கி வந்து இயந்திரத்தை மோதும். எனவே வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து ஓரத்தில் நிறுத்துவதே அறிவுடைமை.

அவுஸ்திரேலியாவில், மொத்த நிறை 2,500 கிலோ வரையான இழுவைப் பெட்டிகளுக்கு ஒரு சங்கிலியேனும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு இரு சங்கிலிகளும் பூட்டப்பட வேண்டுமென்பது பொதுவிதி. எமக்குச் சட்டம் வந்து சொல்ல வேண்டுமா? வீதியில் நடந்து செல்பவர் எம் பிள்ளைகளே அல்லரோ?

சங்கிலி உண்டென்று ஆணியை மறப்பதும் தவறு. வளைந்த கம்பியையும் பழைய இரும்புத் துண்டையும் ஆணியாகச் செருகும் வழக்கம் ஒழிய வேண்டும். அளவான ஆணியும், அது மேலெழாதவாறு தடுக்கும் பூட்டுக் கம்பியும் முதற்காவல்; சங்கிலி இரண்டாங்காவல். தேய்ந்த கண்ணியையும் வாய் விரிந்த கொக்கியையும் மாற்றிவிடுக. அறுந்த சங்கிலியைக் கம்பியால் முடிந்து ஓட்டுவது, அறுந்ததை மறைப்பதேயன்றிச் சீர்செய்வதாகாது.

இவற்றையெல்லாம் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். வயலுக்குப் புறப்படுபவரிடம் சாப்பாட்டுப் பொதியைக் கொடுக்கும் இல்லத்தரசியர், “ஆணியும் சங்கிலியும் பார்த்தாயிற்றா?” என்று ஒரு வார்த்தை கேட்டனுப்புதல் நன்று. எமது மாணவன் தாகத்தால் தப்பினான். அடுத்த முறையும் ஒரு பிள்ளைக்கு அவ்வேளையில் தாகம் எடுக்கும் என்று நம்பியிருக்க முடியுமா?