இருபது முத்துகள்

ரத்தம் சேர்க்காத உறவுகள் – 5

2020 ஆகஸ்ட் 19. கொரோனா காலம். டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில், ஆளரவம் இல்லாத ஒரு மண்டபத்தில் நின்றபடி, துணை அதிபர் வேட்பாளராகத் தன்னை நிறுத்தியதை ஏற்றுப் பேசினார் கமலா ஹாரிஸ். தனக்குக் குடும்பம் என்றால் யார் யார் என்று அடுக்கிக்கொண்டே போனபோது, நடுவில் ‘சித்தி’ என்றொரு சொல் வந்து விழுந்தது. அமெரிக்கர்கள் அதற்குப் பொருள் தேடினார்கள். நம் பக்கம் கேட்கவே வேண்டாம். அவருடைய தாத்தா பிறந்த மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரம் முதல் சென்னை வரை ஒரே பூரிப்பு.

அந்தப் பட்டியல் சித்தியோடு முடியவில்லை. சற்று நேரத்தில் இன்னொரு உறவையும் குடும்பம் என்றே சொன்னார்: ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. நாம் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொண்டவர்களும் ஏதோ கல்லூரிச் சங்கம் என்று கடந்துபோனோம். ஆனால் அந்த நாட்களில் அவருடைய தேர்தல் நிதிக்கு வந்த நன்கொடைகளில் ஒரு விசித்திரம் இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் சொல்லிவைத்தாற்போல ஒரே தொகையை அனுப்பியிருந்தார்கள். 19 டாலர் 8 சென்ட்.

மொய் எழுதும்போது நூறோடு ஒரு ரூபாய் சேர்த்து வைக்கிறோமே, அந்த ஒரு ரூபாயைப் போன்றது இந்த எட்டு சென்ட். தொகை பெரிதில்லை, எந்த வீட்டு மொய் என்று தெரிய வேண்டும். அந்த வீடு எழும்பிய ஆண்டு 1908.

சென்ற வாரம் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1874-ல் நான்கு மாணவியர் கூடித் தொடங்கிய சங்கத்தைப் பார்த்தோம். அவர்களுக்காகத்தான் அங்கிருந்த லத்தீன் பேராசிரியர் ‘சொராரிட்டி’ என்ற சொல்லையே உண்டாக்கினார் என்பதையும் பார்த்தோம். லத்தீனில் ‘சொரார்’ என்றால் சகோதரி. சகோதரி என்ற சொல் பிறந்துவிட்டதே தவிர, அந்த வீடுகளின் வாசலில் கறுப்பினப் பெண்களுக்கு இடமில்லை. அதனால் அவர்கள் தனியாக ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள்.

வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகம் 1867-ல், அடிமை முறை ஒழிந்த இரண்டே ஆண்டுகளில் தொடங்கப்பட்டது. அங்கே 1904-ல் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தவர் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பெண் எதெல் ஹெட்ஜ்மன். சிநேகிதிகளைத் திரட்டி, 1908 ஜனவரி 15 அன்று மாணவியர் விடுதியான மைனர் ஹாலில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். முதலில் ஒன்பது பேர். கிரேக்கம் படித்த பியூலா பர்க் சங்கத்தின் முழக்கத்தை வகுத்தார். பண்பாலும் தகுதியாலும் என்பது அதன் பொருள். நிறங்களும் முடிவாயின: இளஞ்சிவப்பும் ஆப்பிள் பச்சையும். அடுத்த மாதமே இரண்டாமாண்டு மாணவியர் ஏழு பேர் சேர்ந்தார்கள். பின்னர் 1913-ல் சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்ய உழைத்த நால்வரையும் நிறுவனர்களாகவே கணக்கில் வைத்தார்கள். ஆக இருபது பேர். ஐவிக் கொடியின் இலை வடிவில் செய்த சங்கத்தின் முத்திரை ஊசியில் இருபது முத்துகள் இருப்பது இதனால்தான். 2021 ஜனவரி 20 அன்று பதவியேற்றபோது கமலா ஹாரிஸ் கழுத்தில் முத்துமாலை இருந்தது. அன்று நாடெங்கும் அவருடைய சங்கத்துப் பெண்களும் முத்துமாலை அணிந்துகொண்டார்கள்.

சங்கத்தின் பெயரை ஏ.கே.ஏ. என்று சுருக்குவார்கள். அந்த மூன்று ஆங்கில எழுத்துகளைத் தமிழ்க் கண்ணோடு சேர்த்து வாசித்துப்பாருங்கள், கிட்டத்தட்ட ‘அக்கா’ என்று வரும். தற்செயல்தான். ஆனாலும் இந்த வீட்டை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் படிப்பு. தொடக்க நாட்களிலேயே ஒரு விதி வைத்தார்கள். இரண்டாமாண்டின் முதல் பாதியைத் தாண்டியிருக்க வேண்டும். மதிப்பெண் ‘சி பிளஸ்’ஸுக்குக் குறையக் கூடாது. இன்றைக்கு மாணவியாகச் சேர 4-க்கு 2.5 சராசரி வேண்டும். சமூகப் பணி செய்ததற்கான சான்றும் வேண்டும். கேட்கச் சாதாரண விதிதான். ஆனால் அடிமைகளாக இருந்தவர்களின் பேத்திகளுக்கு 1908-ல் பட்டம் என்பது ஊரே சேர்ந்து அனுப்பிவைத்த காரியம். ஒருத்தி தோற்றால் ஊர் தோற்றது. அதனால் பாடத்தில் பின்தங்குபவளைக் கைதூக்கிவிடுவது மூத்தவளின் கடமையானது.

முதல் ஒன்பது பேரில் ஒருவரான லூசி டிக்ஸ் ஸ்லோவையே எடுத்துக்கொள்வோம். சிறு வயதில் பெற்றோரை இழந்து, அத்தை வீட்டில் வளர்ந்தவர். 1908-ல் ஹோவர்டில் தன் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினார். 1917-ல் கறுப்பினத்தவருக்கான முதல் தேசிய டென்னிஸ் போட்டியில் பெண்கள் பட்டத்தை வென்றார். 1922-ல் அதே ஹோவர்டுக்கு மாணவியர் முதல்வராகத் திரும்பி வந்தார். எந்த விடுதியில் மாணவியாக அடைபட்டுக் கிடந்தாரோ, அந்த விடுதி வாழ்க்கையை மாற்றும் அதிகாரம் அவர் கைக்கு வந்தது. பெண்களை ஆசிரியைப் பணிக்கு மட்டுமே தயார் செய்யும் படிப்பு போதாது என்று 1937-ல் இறக்கும் வரை வாதாடிக்கொண்டே இருந்தார்.

சடங்குகளுக்கு வருவோம். உள்ளே நடப்பவை ரகசியம். வெளியில் தெரிபவையே சுவையானவை. ஒரே பருவத்தில் சேரும் பெண்கள் ஒரு ‘லைன்’. உயர வரிசைப்படி குள்ளமானவள் முன்னால், நெட்டையானவள் கடைசியில் நிற்பார்கள். நின்ற இடத்து எண் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். அந்த லைனுக்கு ஒரு பெயர் உண்டு. ஒவ்வொருத்திக்கும் ஒரு பெயர் உண்டு. கமலா ஹாரிஸ் 1986 வசந்தத்தில், ஹோவர்டில் படிப்பை முடிக்கும் தறுவாயில், 38 பேர் கொண்ட லைனில் சேர்ந்தவர். சேர்ந்தபின் ஒருவரையொருவர் ‘சொரார்’ என்றுதான் அழைப்பார்கள். அவர்களுக்கென்று ‘ஸ்கீ-வீ’ என்ற உச்சக்குரல் ஒன்று உண்டு. ஒரு விமான நிலையத்தின் மூலையிலிருந்து ஒருத்தி அப்படிக் குரல் கொடுத்தால், மறு மூலையிலிருந்து எழுபது வயதுப் பாட்டி பதில் கொடுப்பார். அங்கத்தினர் அல்லாதவர் அந்தக் குரலை எடுத்தால் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள்.

பிறகு ‘ஸ்டெப்’. மேளம் கிடையாது, உடம்புதான் மேளம். காலால் தரையை மிதித்து, தொடையிலும் கையிலும் தட்டி, வரிசை முழுக்க ஒரே உடம்பாக அசையும். ஹோவர்டின் நடுமுற்றத்தை ‘யார்டு’ என்பார்கள். அங்கே ஒவ்வொரு சங்கத்துக்கும் அதனதன் நிறம் பூசிய மரம் ஒன்று உண்டு. 1909 மே மாதம் மைனர் ஹால் சுவரோரம் இந்தப் பெண்கள் ஐவிக் கொடி நட்டு ஒரு வாரம் கொண்டாடினார்கள். சுவரைப் பற்றிக்கொண்டு ஏறும் கொடி என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்களோ என்று எனக்குத் தோன்றும்.

நிறமும் குரலும் ஆட்டமும் மட்டும் இருந்திருந்தால் இந்தத் தொடரில் இவர்களுக்கு இரண்டு பத்தி போதும். இவர்களைப் பற்றி எழுத வைத்தது மிசிசிப்பி.

ஐடா ஜாக்சன் மிசிசிப்பியில் பிறந்து, கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் முதல் கறுப்பின ஆசிரியையானவர். சங்கத்தின் தலைவியாக இருந்த அவர், 1934 கோடையில் பிறந்த மாநிலத்துக்குப் போய், கிராமத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். நடத்தும்போதுதான் தெரிந்தது, நோயிலும் பட்டினியிலும் கிடக்கும் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது பாடமல்ல என்று. அடுத்த ஆண்டு மருத்துவக் குழு புறப்பட்டது. தலைமை ஏற்றவர் டாக்டர் டோரதி ஃபெரபீ. பாஸ்டனில் மருத்துவம் படித்தவர். அங்கிருந்த வெள்ளையர் மருத்துவமனைகள் பயிற்சி மருத்துவராகக்கூடச் சேர்த்துக்கொள்ளாததால், வாஷிங்டனில் இருந்த கறுப்பினத்தவர் மருத்துவமனைக்கு வந்தவர்.

தெற்கே ரயில் பயணம் என்றால் தனிப்பெட்டி, தனி அவமானம். கார்களில் போனார்கள். வழியில் எந்த ஹோட்டலும் இடம் தராது. போய்ச் சேர்ந்து ஓரிடத்தில் மருத்துவ முகாம் போடலாம் என்றால், பருத்திப் பண்ணையார்கள் தங்கள் நிலத்தில் வாரத்துக்கு உழும் குடும்பங்களை வெளியே விட மறுத்தார்கள். வெளியூரிலிருந்து படித்த கறுப்பினப் பெண்கள் வருகிறார்கள் என்றால், ஆட்களைக் கிளப்பிவிடத்தான் வருகிறார்கள் என்ற பயம். நோயாளி வர முடியாவிட்டால் மருத்துவமனை போகட்டும் என்று கார்களையே நடமாடும் மருத்துவமனைகளாக்கிப் பண்ணைகளுக்குள் போனார்கள். மேற்பார்வையாளர்கள் குதிரைமேல் உட்கார்ந்து, என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்க, இவர்கள் பிள்ளைகளுக்கு அம்மைத் தடுப்பும் தொண்டை அடைப்பான் தடுப்பும் போட்டார்கள், பல்லைப் பார்த்தார்கள், எதைச் சாப்பிட வேண்டும் என்று தாய்மார்களிடம் பேசினார்கள். விடுமுறையில் தங்கள் சொந்த நாட்களைக் கொடுத்து வந்த மருத்துவர்கள், செவிலியர், ஆசிரியைகள் இவர்கள். 1935 முதல் ஒவ்வொரு கோடையிலும் இது நடந்தது. பயன்பெற்றவர்கள் ஏறக்குறைய 15,000 பேர். உலகப் போர் வந்து பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன் போட்டதால் 1942-ல் நின்றது.

இந்தப் பழக்கம் பின்னாலும் விட்டுப்போகவில்லை. 1938-ல் நிறுவனர்களில் ஒருவரான நார்மா பாய்டின் முயற்சியால் நாடாளுமன்றத்தில் கறுப்பினத்தவர் உரிமைக்காக வாதாட முழுநேர அலுவலகம் திறந்தார்கள். 1965-ல் கிளீவ்லண்டில் ஏழைப் பெண்களுக்கான அரசின் வேலைப் பயிற்சி மையத்தை ஏற்று நடத்தினார்கள். பள்ளிப் பைகள், கறுப்பினத்தவர் கல்லூரிகளுக்கு நிதி என்று இன்று வேலை வேறு வேறு உருவத்தில் நடக்கிறது. ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் நாள் வந்தால், அங்கே பலருக்கு விடுமுறை. இவர்களுக்கு ஊழிய நாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமக்குக் கல்லூரிச் சங்கம் என்றால் பட்டமளிப்போடு சரி. இங்கே அதற்குப் பிறகுதான் பாதி வாழ்க்கை. ஊருக்கு ஊர் பட்டதாரிகளுக்கென்று கிளைகள் உண்டு. சந்தா கட்டி, கூட்டத்துக்குப் போய், கல்லூரிக் கிளைப் பெண்களுக்கு வழிகாட்டுவார்கள். இன்று 3 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். எழுத்தாளர் டோனி மாரிசன் ஹோவர்டில் படித்தபோது சேர்ந்தவர். நாசாவின் கணித மேதை கேத்ரின் ஜான்சனும் இந்த வீட்டுப் பெண்தான்.

எந்தக் கூட்டுக்குடும்பத்திலும் பின்கட்டில் அழுகை உண்டு, இங்கும் உண்டு. வெளுத்த நிறத்துப் பெண்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்கள் என்ற குற்றச்சாட்டு இத்தகைய சங்கங்கள்மீது நெடுநாள் இருந்தது. ஸ்பைக் லீ 1988-ல் எடுத்த ‘ஸ்கூல் டேஸ்’ படம் அதைத்தான் நையாண்டி செய்தது. ஹோவர்டிலேயே பேராசிரியராக இருந்த சமூகவியலாளர் ஃபிராங்க்ளின் ஃப்ரேசியர், நடுத்தர வர்க்கக் கறுப்பினத்தவர் இந்தச் சங்கங்களின் பகட்டில் ஏமாந்து கிடக்கிறார்கள் என்று 1957-ல் கடிந்து எழுதினார்.

அதைவிடக் கொடியது, நாம் ராகிங் என்று அறிந்தது. சேர விரும்பும் பெண்ணை வாரக்கணக்கில் பணிய வைத்து, தூங்கவிடாமல் விரட்டி, அதைப் பக்குவப்படுத்துதல் என்று சொன்ன வழக்கம். 1990-ல் கறுப்பின மாணவர் சங்கங்களின் கூட்டமைப்பு இந்தப் பழைய முறையை ஒழித்து, நேரடியாகச் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. ஒழித்தது காகிதத்தில். 2002 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் கடற்கரையில் இரவு நேரத்தில் இரண்டு மாணவியர் அலையில் சிக்கி இறந்தார்கள். சேர்க்கைச் சடங்கு என்ற பெயரில்தான் அங்கே அழைத்துப்போனார்கள் என்று குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். அங்கே தங்களுக்கு அங்கீகாரம் பெற்ற கிளையே இல்லை என்றது சங்கம். மிசிசிப்பியில் முன்பின் தெரியாத பிள்ளைகளுக்காகக் காரோட்டிப் போன அக்காவும், தங்கையை நள்ளிரவில் கடலுக்கு அனுப்பும் அக்காவும் ஒரே சொல்லின் நிழலில்தான் நிற்கிறார்கள். ‘நான் மூத்தவள்’ என்பதை ஒருத்தி கடமையாக எடுத்துக்கொண்டாள். இன்னொருத்தி அதிகாரமாக எடுத்துக்கொண்டாள்.

அந்த இரண்டுக்கும் நடுவே உரசல் தொடங்க அதிக காலம் ஆகவில்லை. சங்கம் பிறந்து நான்கே ஆண்டு. 1912-ல் ஹோவர்டில் இருந்த 22 இளைய உறுப்பினர்கள், இந்தப் பெயரும் நிறமும் நமக்கு வேண்டாம், விடுதிக்குள் கொடி நட்டது போதும், வெளியே அரசியல் காத்திருக்கிறது என்றார்கள். அப்போது படிப்பை முடித்து ஆசிரியையாக இருந்த நெல்லி குவாண்டர் காதில் செய்தி விழுந்தது. பெயரை மாற்ற விடமாட்டேன் என்றார், கெடு வைத்தார், 1913 ஜனவரி 29 அன்று சங்கத்தைச் சட்டப்படி பதிவும் செய்துவிட்டார்.

அதற்குள் அந்த 22 பேரும் வீட்டைவிட்டு வெளியேறி, ஜனவரி 13 அன்றே டெல்டா சிக்மா தீட்டா என்று தனி வீடு கட்டிவிட்டார்கள். ஏழே வாரத்தில், மார்ச் 3 அன்று, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு வாஷிங்டன் வீதியில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஊர்வலம் போனார்கள். அதில் கறுப்பினப் பெண்கள் எங்கே நடப்பது என்ற தகராறு வந்தது. அக்கா பேச்சைக் கேட்காமல் போன அந்தத் தங்கைகள் அன்று நின்ற இடத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)