கதவு தட்டும் கணினி

1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இரவு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்னும் மாணவர் ஒரு கணினியின்முன் அமர்ந்திருந்தார். ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் இருந்த வேறொரு கணினிக்குள் நுழைவதே அன்றைய சோதனை. உள்நுழைவைக் குறிக்கும் ‘லாகின்’ என்னும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். முதல் எழுத்து போய்ச் சேர்ந்தது, இரண்டாவதும் சேர்ந்தது. மூன்றாம் எழுத்தில் மறுமுனைக் கணினி நிலைகுலைந்து நின்றுவிட்டது. பிழை களையப்பட்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குப் பின்னரே உள்நுழைவு முழுமையாக நிறைவேறியது.

அவ்விரு கணினிகளும் வெவ்வேறு இயக்க அமைப்புகளைக் கொண்டவை. ஆயினும், நேர்ந்த கோளாற்றைக் கண்டு சரிசெய்ய இருமுனையிலும் மனிதர் இருந்தனர். இன்றைய நிலை வேறு. ஒரு நிறுவனத்தின் விண்டோஸ் கணினி நள்ளிரவில் தானாகவே செயல்பட்டு, வேறோர் ஊரிலுள்ள லினக்ஸ் கணினிக்குள் நுழைந்து, அன்றைய கணக்குக் கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டு வெளியேறுகிறது. இதனைச் செய்விப்பது சில வரிகளே கொண்ட ஒரு கட்டளை நிரல். விழித்திருக்கும் ஆள் எவரும் இல்லாத வேளையில் ஒரு கணினி மற்றொன்றின் கதவைத் தட்டினால், எதை நம்பி அக்கதவு திறக்கிறது?

கற்பனை முனையம்

கதவு திறப்பதற்கு முன்பே ஒரு சிக்கல் உண்டு: இரண்டும் ஒரே மொழியில் பேச வேண்டும். ஒரு வலையமைப்பில் இருபது வகைக் கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் மற்றப் பத்தொன்பதின் வழக்கத்தையும் கற்க வேண்டுமெனில் 380 மொழிமாற்றிகள் தேவைப்படும். டெல்நெட் என்னும் நெறிமுறையை வகுத்தோர் இதற்கு எளிய வழி கண்டனர். உலகில் எங்கும் இல்லாத ஒரு கற்பனை முனையத்தை அவர்கள் வரையறுத்தனர். ஒவ்வொரு கணினியும் தன் வழக்கத்தை அந்தக் கற்பனை முனையத்தின் வழக்கத்திற்கு மாற்றத் தெரிந்திருந்தால் போதும். 380 மொழிமாற்றிகளின் இடத்தில் இருபதே எஞ்சின.

இருப்பினும் வேறுபாடுகள் முற்றிலும் மறையவில்லை. ஒரு வரி முடிந்ததைக் குறிக்க யூனிக்ஸும் அதன் வழிவந்த லினக்ஸும் ஒரே ஒரு குறியைப் பயன்படுத்துகின்றன. விண்டோஸோ தட்டச்சுப் பொறியின் பழக்கத்தைப் பின்பற்றி, வரியின் தொடக்கத்திற்குத் திரும்பவும் அடுத்த வரிக்கு இறங்கவும் என இரு குறிகளை இடுகிறது. விண்டோஸில் எழுதிய கட்டளை நிரலை அப்படியே லினக்ஸிற்குக் கொண்டுசென்றால், முதல் வரியிலுள்ள நிரலின் பெயரோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியும் ஒட்டிக்கொள்ளும். அப்பெயரில் நிரல் எதுவும் இல்லை என்று லினக்ஸ் கைவிரித்துவிடும். எழுதியவர் திரையை எத்துணை முறை உற்று நோக்கினாலும் பிழை தென்படாது.

எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிரல்

அடுத்தது கடவுச்சொல். கடவுச்சொல்லை ஒரு கோப்பில் எழுதி நிரலுக்குள் செலுத்திவிடலாம் என்று எண்ணத் தோன்றும். ஆனால், கடவுச்சொல் கேட்கும் நிரல்கள் பெரும்பாலும் அதனை நேரே முனையத்திலிருந்தே பெறுகின்றன. வேறு வழியில் வருவதைக் கண்டுகொள்வதில்லை. அமெரிக்கத் தேசியத் தரநிலைகள், தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய டான் லீப்ஸ் 1990இல் அறிமுகப்படுத்திய ‘எக்ஸ்பெக்ட்’ என்னும் கருவி இத்தடையைக் கடந்தது. அது ஒரு போலி முனையத்தை உருவாக்கி, எதிரே மனிதர் ஒருவர் அமர்ந்திருப்பதாகவே நிரலை நம்பச் செய்கிறது. குறிப்பிட்ட சொல் திரையில் தோன்றும்வரை காத்திரு. தோன்றியதும் இதனைத் தட்டு என்பதே அதன் அடிப்படை.

இக்கருவியின் அழகும் குறையும் அந்தக் காத்திருப்பிலேயே உள்ளன. யூனிக்ஸ் கணினி ‘லாகின்’ என்று கேட்கும். விஎம்எஸ் இயக்க அமைப்பு ‘யூசர்நேம்’ என்று கேட்கும். உள்ளே நுழைந்தபின் ஒரு கணினி டாலர் குறியைக் காட்டும். மற்றொன்று கோண அடைப்பின் ஒரு பாதியைக் காட்டும். வரவேற்புச் செய்தியிலேயே தற்செயலாக அக்குறி இடம்பெற்றிருந்தால், நுழைந்து முடிப்பதற்குள் நுழைந்துவிட்டதாக நிரல் ஏமாந்துபோகும். மறுமொழி வரத் தாமதமானால், வேறு ஏற்பாடு செய்யாதவிடத்து, பத்து நொடிகளில் காத்திருப்பை முடித்துக்கொள்ளும். இவற்றையெல்லாம் பொறுமையோடு சரிசெய்துவிடலாம். சரிசெய்ய இயலாதது ஒன்றுண்டு: கடவுச்சொல் நிரலுக்குள் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. அக்கோப்பைப் படிக்கக் கூடியவர் எவரும் அக்கதவைத் திறக்கக் கூடியவரே.

கடவுச்சொல்லை எழுதிவைப்பது ஒரு வழியென்றால், கேட்காமலேயே உள்ளே விடுவது மற்றொரு வழி. 1980களின் யூனிக்ஸ் கணினிகளில் இவ்வழி பரவலாக இருந்தது. நம்பத்தக்க கணினிகளின் பெயர்களைப் பயனர் ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டால், அங்கிருந்து வருவோர் தடையின்றி நுழையலாம். தானியங்கி வேலைகளுக்கு இதனினும் வசதியானது வேறில்லை. 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் இணையத்தில் ஏவிய நிரற்புழு அந்த வசதியையும் பயன்படுத்திக்கொண்டது. எளிய கடவுச்சொற்களை ஊகித்தும், நம்பிக்கைப் பட்டியல்களைப் பின்தொடர்ந்தும், வேறு சில நிரல்களின் குறைகள் வழியாகவும் அது கணினிக்குக் கணினி தாவியது. உண்மையில் அப்புழுவும் ஒரு தானியங்கி உள்நுழைவு நிரலே.

அனுப்பப்படாத இரகசியம்

டெல்நெட் வழியே செல்லும் கடவுச்சொல் மறைப்பின்றிச் செல்வதால், வழியில் ஒட்டுக்கேட்பவர் அதனைப் படித்துவிடலாம். பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் அவ்வாறே கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அதனைக் கண்ட ஆய்வாளர் தாத்து இலோனன் 1995இல் ‘எஸ்எஸ்எச்’ என்னும் நெறிமுறையையும் அதற்கான நிரலையும் உருவாக்கினார். இதில் இரு கணினிகளுக்கும் இடையே செல்லும் அனைத்தும் மறைகுறியாக்கம் செய்யப்படுகின்றன. அதனினும் சிறப்பு, கடவுச்சொல்லே இல்லாமல் நுழைய இது வழிவகுத்தது.

நுழைய விரும்பும் கணினியில் இணையான இரு திறவுகோல்கள் உருவாக்கப்படுகின்றன. பொதுத் திறவுகோலை மறுமுனைக் கணினியில் முன்னரே பதித்துவைக்கலாம்; அதனைப் பிறர் அறிந்தாலும் தீங்கில்லை. தனித் திறவுகோல் இருந்த இடத்தை விட்டு அகல்வதே இல்லை. ஒவ்வோர் இணைப்பின்போதும் இரு கணினிகளும் சேர்ந்து அந்த ஒரு முறைக்கே உரிய அடையாளம் ஒன்றை உருவாக்குகின்றன. அதனை உள்ளடக்கிய செய்திக்குத் தனித் திறவுகோலால் கையொப்பமிடப்படுகிறது; மறுமுனை பொதுத் திறவுகோலால் அதனைச் சரிபார்க்கிறது. ஒருநாளைய கையொப்பம் மறுநாளைக்குப் பயன்படாது.

இக்கணக்கு எல்லா இயக்க அமைப்புகளுக்கும் ஒன்றே. வேறுபடுவன சுற்றியுள்ள வழக்கங்கள். லினக்ஸில் பொதுத் திறவுகோல் பயனரின் சொந்தக் கோப்புறையில் இருக்கும்; அக்கோப்பில் பிறரும் எழுத இசைவு இருந்தால், எஸ்எஸ்எச் அதனை ஏற்க மறுத்துவிடும். 2018 முதல் விண்டோஸ் 10உடன் இந்நிரல் சேர்ந்தே வருகிறது. ஆனால், நிர்வாகி உரிமை பெற்றவர்களின் திறவுகோல்கள் அங்கே தனியான ஒரு பொதுக் கோப்பில் இடம்பெற வேண்டும். இதனை அறியாமல் மணிக்கணக்கில் தவிப்போர் பலர். நுழைந்தபின்னும், லினக்ஸில் ‘எல்எஸ்’ எனக் கேட்டால் கிடைக்கும் கோப்புப் பட்டியலை விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தில் ‘டிர்’ என்றே கேட்க வேண்டும்.

நம்பிக்கை ஒருபக்கமாக இருந்தால் போதாது. முதன்முறை இணையும்போது, எதிரே இருப்பது உரிய கணினிதானா என எஸ்எஸ்எச் வினவுகிறது. விடை கூற ஆளில்லாததால் நிரல் அங்கேயே நின்றுவிடும். பலர் அவ்வினாவையே நிறுத்திவைத்துவிடுகின்றனர். அது, எவர் வீட்டுக் கதவு என்று பாராமல் உள்ளே நுழைவதற்கு ஒப்பாகும். மறுமுனைக் கணினியின் பொதுத் திறவுகோலை உரிய வழியில் பெற்று முன்னரே பதித்துவைப்பதே முறை.

ஆளில்லா வேலைக்குரிய தனித் திறவுகோல் பெரும்பாலும் கடவுச்சொற்காப்பு இன்றியே இருக்கும். அக்கோப்பு களவுபோனால் கதவும் திறந்துவிடும். ஆகவே, பொதுத் திறவுகோலைப் பதிக்கும் வரியிலேயே, இதனைக் கொண்டு நுழைபவர் இந்த ஒரு கட்டளையை மட்டுமே இயக்கலாம் என்று எல்லை வகுத்துவிடலாம். கணக்குக் கோப்புகளைப் படியெடுக்க வந்த நிரல் படியெடுக்கலாம்; அழிக்க இயலாது. வேலை முடிந்ததும் மறுமுனைக் கட்டளையின் முடிவு ஓர் எண்ணாகத் திரும்பி வருகிறது. சுழியம் எனில் வெற்றி. 255 எனில் பெரும்பாலும் இணைப்பே ஏற்படவில்லை என்று பொருள். காலையில் அலுவலகத்திற்கு வருபவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.