கட்டணமில்லாத வகுப்பறை

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், மாணவராக இல்லாமலேயே, ஒரு பைசா செலவில்லாமல் பாடம் கேட்க முடியுமா நேயர்களே? முடியும்! 1925-இல் சார்லஸ் எலியட் நார்ட்டன் பெயரில் அங்கே ஒரு சொற்பொழிவு வரிசை நிறுவப்பட்டது. பொதுமக்களும் இலவசமாகக் கேட்கலாம். பொருள் கவிதை, ஆனால் இசையும் ஓவியமும் சினிமாவும்கூட அங்கே கவிதைக் கணக்கில்தான் சேரும். பேசுபவர்களில் எழுத்தாளர்களும் உண்டு. "எழுதத் தெரிந்தவருக்குப் பாடம் நடத்தத் தெரியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் அறுபதுகளின் இறுதியில் அங்கே பேசினார். பார்வை அநேகமாகப் போய்விட்ட நிலை. கையில் குறிப்புத்தாள்கூட இல்லை. கவிதை வரிகளை நினைவிலிருந்தே சொல்லிச் சொல்லி விளக்கினார். கிடப்பில் கிடந்த அந்தப் பேச்சுகளின் ஒலிநாடாக்கள் 2000-ஆம் ஆண்டில்தான் புத்தகமாயின. "புத்தகமே வந்துவிட்டதே, நேரில் எதற்கு?" என்றால், புத்தகம் ஒருவருடைய முடிவைச் சொல்லும், மேடைப் பேச்சிலோ, அவர் தயங்கி, யோசித்து, அந்த முடிவுக்கு வந்து சேரும் வழியும் தெரியும். படிக்கிற பிள்ளைகளுக்கும் நமக்கும் அந்த வழிதான் அதிகம் உதவும். அதனால் உங்கள் ஊர்க் கல்லூரிக்கு ஓர் எழுத்தாளரோ இசைக்கலைஞரோ பேச வந்தால், அனுமதி இலவசம் என்றால், தவறவிடாதீர்கள்!