பொழுதுபோக்கும் கிறிஸ்தவ மனச்சாட்சியும்



பொழுதுபோக்குச் சாதனங்கள் தொடர்பாக ஒரு கிறிஸ்தவ இளைஞன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் எனக் கேட்டால், உங்களிற் பலர் எழுதும் விடை ஒன்றேதான். சினிமா கெட்டது, கைத்தொலைபேசி கெட்டது, ஆகவே தவிர்க்க வேண்டும். இதை எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் அதே கைத்தொலைபேசியைக் கையில் எடுக்கிறோம். விடையும் முழுமையானதன்று, வாழ்க்கையும் அதனால் மாறுவதில்லை. எனவே பொழுதுபோக்கில் நன்மை தீமையைத் தெரிவுசெய்யும் இடம் எது என்பதை இப்பகுதியில் நோக்குவோம்.

1. மகிழ்ச்சி பாவமன்று

யோவான் நற்செய்தியின்படி இயேசு தமது முதல் அடையாளத்தைச் செய்தது கானாவூர்க் கலியாண வீட்டிலாகும் (யோவான் 2:1-11). மனிதர் கூடி மகிழ்வதை அவர் வெறுக்கவில்லை. நமது நாட்டுத் திருச்சபையும் கலையை ஒதுக்கவில்லை. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரக் கிராமங்களிலும் புனிதர்களின் வரலாறுகள் நாட்டுக்கூத்துகளாக ஆடப்பட்டு வந்துள்ளன. 1965ஆம் ஆண்டு மரியசேவியர் அடிகளார் ஆரம்பித்த திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகங்களை மேடையேற்றிப் புகழ்பெற்றது.

ஆகவே கேள்வி, மகிழலாமா கூடாதா என்பதன்று. எதில் மகிழ்கிறோம், நாம் சிரிப்பதற்காக வேறு யாராவது அழுகிறாரா என்பதே கேள்வியாகும்.

2. அலிப்பியுஸ் தரும் பாடம்

கி.பி. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த அலிப்பியுஸ், புனித அகுஸ்தீனாரின் நண்பரும் மாணவருமாவார். அவரது அனுபவத்தை அகுஸ்தீனார் தமது 'அறிக்கைகள்' என்னும் நூலின் ஆறாம் பகுதியில் விவரிக்கிறார்.

அலிப்பியுஸ் சட்டம் பயில உரோமை நகருக்குச் சென்றார். அங்கு வாள்வீரர்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்ப்பது மக்களின் பொழுதுபோக்காக இருந்தது. அலிப்பியுஸ் அதனை வெறுத்தார். ஆயினும் ஒருநாள் சக மாணவர்கள் அவரை வலிந்து இழுத்துச் சென்றனர். உடல் அங்கிருந்தாலும் உள்ளம் அங்கிராது எனக் கூறி, அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்ந்தார். காதுகளை மூடவில்லை. வீரன் ஒருவன் விழுந்தபோது கூட்டம் பேரிரைச்சல் எழுப்பியது. என்னவென்று அறியும் ஆவலில் அவர் கண்களைத் திறந்தார். அதன்பின் அவற்றை மூட அவரால் முடியவில்லை. தாமும் கூச்சலிட்டார், மீண்டும் மீண்டும் அங்கு சென்றார், பிறரையும் அழைத்துச் சென்றார்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை:

அ) நண்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்குவதும் ஒரு தெரிவேயாகும்.
ஆ) தன் மனவுறுதியை மட்டும் நம்புபவன் எளிதில் வீழ்வான். அலிப்பியுஸின் குறை இதுவே என அகுஸ்தீனார் கருதுகிறார்.
இ) பார்வையாளன் வெறும் பார்வையாளனாகவே இருந்துவிடுவதில்லை. பார்ப்பவன் இரசிப்பவனாகி, பின் பிறரையும் அழைப்பவனாகிறான்.

3. திருச்சபையின் போதனை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் திகதி சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆவணத்தை வெளியிட்டது. இச்சாதனங்களை அது நல்ல கொடைகளாகவே நோக்குகிறது. அதேவேளை, தயாரிப்போருக்கு மட்டுமன்றி, வாசிப்போருக்கும் பார்ப்போருக்கும் கேட்போருக்கும் கடமையுண்டு எனப் போதிக்கிறது. தமக்கு ஆன்மீகத் தீங்கு தருவதையும் பிறருக்குத் துர்மாதிரிகையாவதையும் அவர்கள் தவிர்க்க வேண்டும். இளையோர் மிதத்தையும் தன்னடக்கத்தையும் பழகிக்கொள்ள வேண்டும். இவ்வாவணத்தின் வேண்டுகோளுக்கிணங்க 1967 முதல் உலக சமூகத் தொடர்பு தினம் கொண்டாடப்படுகிறது.

இலாபத்தை மட்டும் நோக்கித் தீயவற்றைத் தயாரிப்போருக்குப் பார்வையாளரின் பணமே ஊக்கமளிக்கிறது என்பதையும் இவ்வாவணம் உணர்த்துகிறது. அன்று அது ரிக்கற் பணம். இன்று இணையத்தில் நாம் ஒரு காட்சியைப் பார்ப்பதே பலருக்கு விளம்பர வருமானமாகிறது. காசு கொடுக்காவிட்டாலும் நாம் ஆதரவு கொடுக்கிறோம்.

4. ஒரு சம்பவம்

ஒருமுறை எனது ரியூசன் வகுப்பில், பேச்சில் திக்கும் மாணவி ஒருத்தி பாடப்பகுதியைச் சத்தமாக வாசித்தாள். யாரோ ஒருவர் அதைக் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்து, சினிமாப் பகிடி இசையைச் சேர்த்து, வட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டார். அன்றிரவே முழு வகுப்பும் அதைப் பார்த்துவிட்டது. எனக்கு அதைக் காட்டியபோது, விடயம் விளங்குமுன் நானும் சிரித்துவிட்டேன். அதை இன்றும் வெட்கத்தோடு நினைக்கிறேன். அம்மாணவி மூன்று கிழமைகள் வகுப்புக்கு வரவில்லை. விசாரித்தபோது கிடைத்த பதில்கள் இரண்டு. "பகிடிக்குத்தான் சேர் செய்தது." "நாங்கள் எடுக்கேல்ல சேர், பார்த்தது மட்டுந்தான்."

ஒரு செயலின் ஒழுக்கத் தன்மையை அச்செயல், அதன் நோக்கம், அதன் சூழ்நிலை ஆகிய மூன்றையும் கொண்டு மதிப்பிட வேண்டும் எனக் கத்தோலிக்க மறைக்கல்வி கூறுகிறது. இச்சம்பவத்தை அவ்வாறு நோக்குவோம்.

செயல்: ஒருத்தியின் இயலாமையைக் காட்சிப்பொருளாக்கியமை. இது அவளது மனித மாண்புக்கு எதிரானது.

நோக்கம்: சிரிப்பு. சிரிப்பது தவறன்று. ஆனால் நோக்கம் சாதாரணமானது என்பதனாலோ நல்லது என்பதனாலோ தீய செயல் நல்லதாகிவிடாது. அயலானை ஏமாற்றிவிட்டு விளையாட்டுக்குச் செய்ததாகக் கூறுபவனை, நெருப்பையும் அம்பையும் எறியும் பைத்தியக்காரனுக்கு நீதிமொழிகள் நூல் ஒப்பிடுகிறது (26:18-19).

சூழ்நிலை: அவளது சம்மதம் பெறப்படவில்லை. ஒருதடவை அனுப்பியதை முழுமையாகத் திரும்பப் பெறவும் முடியாது. இவை தீங்கைப் பெருக்குகின்றன.

பார்த்தவர்களின் நிலை என்ன? இயேசுவுக்குச் செந்நிற ஆடை உடுத்தி, முள்முடி சூட்டி, போர்வீரர் கேலிசெய்ததை நினைத்துப் பாருங்கள் (மாற்கு 15:16-20). அங்கே ஒரு முழுப் படைப்பிரிவே கூட்டப்பட்டது. கேலிக்குக் கூட்டம் தேவை. கூட்டம் இல்லையெனில் கேலி நீடிக்காது. அந்தக் கூட்டத்தில் நிற்பதா, விலகுவதா என்பது நமது தெரிவு.

5. நாம் செய்யக்கூடியவை

பார்ப்பதற்கு முன்: இது உண்மையானதா, மாண்புள்ளதா எனக் கேட்க வேண்டும் (பிலிப்பியர் 4:8). நண்பர்கள் அனுப்பினார்கள் என்பது மட்டும் போதிய காரணமன்று.

பார்க்கும்போது: நிறுத்த விரும்பினால் என்னால் நிறுத்த முடிகிறதா எனச் சோதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் உரிமை இருந்தாலும் எதற்கும் அடிமையாகக் கூடாது என்பது பவுலின் போதனை (1 கொரிந்தியர் 6:12). நேரத்தைத் தின்னும் விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும்.

பார்த்தபின்: பிறரைப் புண்படுத்துவதைப் பகிராது அழித்துவிட வேண்டும். பகிர்ந்திருந்தால் மன்னிப்புக் கேட்டு, மற்றவர்களையும் அழிக்கச் சொல்ல வேண்டும்.

தவறியவர்களுக்கும் வழியுண்டு. அலிப்பியுஸ் மனம் மாறி, 387இல் அகுஸ்தீனாருடன் திருமுழுக்குப் பெற்று, பின்னர் தமது சொந்த ஊரான தகாஸ்தேயின் ஆயரானார். எமது மாணவியும் மீண்டும் வகுப்புக்கு வந்தாள். பலர் அவளிடம் மன்னிப்புக் கேட்டனர், நானும் கேட்டேன். ஆனால் ஆண்டு முடியும்வரை அவள் சத்தமாக வாசிக்கவேயில்லை. மன்னிப்புக் கிடைத்தாலும் காயம் உடனே ஆறுவதில்லை என்பதை மறவாதீர்கள்.

பரீட்சைக்கான குறிப்பு

விடையெழுதும்போது நல்லது, கெட்டது எனப் பட்டியலிடுவதோடு நிறுத்தாதீர்கள். செயல், நோக்கம், சூழ்நிலை ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, ஒரு விவிலிய ஆதாரமும் ஓர் உதாரணமும் தந்து விளக்குங்கள்.

பயிற்சி வினா

"நான் பார்த்தது மட்டுமே" எனக் கூறும் நண்பனுக்கு நீர் கூறும் பதிலை, அலிப்பியுஸின் அனுபவத்தையும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் போதனையையும் ஆதாரமாகக் கொண்டு விளக்குக.