வளர்ற குழந்தைக்கு எந்த கார் சீட்?



சட்டை, பாவாடை, ஷூ எது வாங்கினாலும் நம்ம வீட்டில் "வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசா எடு" என்பார்கள். என் யூனிஃபார்மும் அப்படி எடுத்ததுதான். ஆனால் ஒரு பொருளை மட்டும் அப்படி வாங்கவே கூடாது. அதுதான் குழந்தைகளுக்கான கார் சீட்.

போன மாதம் சித்தப்பா காரில் எண்ணூர் விரைவுச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். சித்தி முன் சீட்டில் பாப்பாவை மடியில் வைத்திருந்தார். முன்னால் போன கன்டெய்னர் லாரி திடீரென்று நின்றது. சித்தப்பா பிரேக் போட்டார். பாப்பா சித்தி கையிலிருந்து நழுவி, நெற்றியை முன்னால் இடித்துக்கொண்டாள். நல்லவேளை, வீக்கத்தோடு போயிற்று. "கெட்டியாத்தாங்க புடிச்சிருந்தேன்" என்று சித்தி அழுதார்.

சித்தி மேல் தப்பு இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 40 கி.மீ. என்றால் நொடிக்கு 11 மீட்டர். அந்த வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி 0.1 நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த சுமார் 1,100 நியூட்டன் விசை வேண்டும். இது 110 கிலோவைத் தூக்குவதற்குச் சமம். இரண்டு அரிசி மூட்டைக்கும் மேலே! எந்த அம்மாவால் முடியும்?

காரில் உள்ள பெல்ட் பெரியவர்கள் அளவுக்குச் செய்தது. குழந்தைக்குப் போட்டால் கழுத்தையும் வயிற்றையும் அழுத்தும். அதனால்தான் தனி சீட். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்குள் உள்ளவர்களுக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கார் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம்.

இதில் 'கன்வர்ட்டிபிள்' என்று ஒரு வகை உண்டு. முதலில் குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி மாட்டலாம். வளர்ந்த பிறகு முன்பக்கம் திருப்பி மாட்டலாம். ஏன் பின்பக்கம்? பிறந்த குழந்தையின் தலை உடம்பு நீளத்தில் கால் பங்கு. கழுத்தோ பலவீனம். பின்பக்கம் பார்த்திருந்தால் மோதும்போது முதுகு, கழுத்து, தலை மூன்றையும் சீட்டே தாங்கிக்கொள்ளும். விண்வெளி வீரர்கள் முதுகு சாய்த்துப் படுத்துப் போவதைப் பார்த்துத்தான் ஸ்வீடன் நாட்டின் பெர்ட்டில் ஆல்ட்மன் 1964இல் இப்படி ஒரு சீட்டைச் செய்து பார்த்தாராம்!

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. வயதை மட்டும் பார்க்காதீர்கள். எடை, உயரம் இரண்டையும் அளந்து, சீட்டில் ஒட்டியுள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

2. பின்பக்கம் பார்க்கும் நிலையில் அதிக எடை வரை தாங்கும் சீட்டே நல்லது. அந்த அளவு முடியும்வரை திருப்ப அவசரம் வேண்டாம்.

3. பின்பக்கம் பார்க்கும்போது தோள் பட்டை தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். முன்பக்கம் திருப்பினால் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ.

4. பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் வந்தால் லூஸ்.

5. சீட்டைப் பின் சீட்டில் மாட்டுங்கள். ஏர்பேக் உள்ள முன் சீட்டில் பின்பக்கம் பார்க்கும்படி மாட்டவே கூடாது. ஏர்பேக் விரியும் வேகமே குழந்தையைக் கொன்றுவிடும்.

6. விபத்தில் மாட்டிய பழைய சீட்டை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நம்ம பக்கம் காரை விட பைக்தானே அதிகம்? அதற்கும் விதி உண்டு. 4 வயதுக்குள் உள்ள குழந்தையை ஓட்டுபவரோடு பாதுகாப்புப் பட்டையால் இணைக்க வேண்டும், தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் போட வேண்டும், 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2022இல் மத்திய அரசு அறிவித்தது. ஹெல்மெட்டும் 'பெருசா' வாங்கினால் வீண்தான்.

சித்தப்பா சீட் வாங்கக் கிளம்பியபோது ஆயா, "டேய், நாலு வருசம் கழிச்சும் ஆகுற மாதிரி பெருசா வாங்குடா" என்றார். சித்தப்பா பாப்பாவையே கடைக்குத் தூக்கிப் போய், உட்கார வைத்துப் பார்த்து வாங்கினார். சில ஆயிரம் ரூபாய் ஆனது. முதல் நாள் பாப்பா ஒரே அழுகை. இப்போது ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறாள்.

உங்கள் வீட்டிலும் குட்டிப் பாப்பா இருந்தால் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். சட்டை நாளைக்கு ஆகட்டும். சீட்டும் ஹெல்மெட்டும் இன்றைக்கே பொருந்தணும்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி