ஏழைகளின் இறைச்சியா?

கள்ளிக்கும் இலை உண்டா என்று கேட்பீர்கள், சகோதரிகளே. உண்டு. பிரேஸில் நாட்டின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் வேலிகளில் ஏறிப் படரும் ஒரு கள்ளிக்குச் சதைப்பற்றான பச்சை இலைகள் இருக்கின்றன. கொடியில் முள்ளும் உண்டு, கை கவனம்! 'ஓரா ப்ரோ நோபிஸ்' என்று அங்கு பெயர். 'எங்களுக்காகப் பிரார்த்தியும்' என்னும் இலத்தீன் வாசகம் அது. ஒரு கீரைக்கு இப்படியும் பெயர்!

அங்குள்ள பெண்கள் இவ்விலையை நறுக்கி, கோழிக் கறியை இறக்கப்போகும் நேரத்தில் சேர்க்கிறார்கள். வெண்டிக்காய் போன்ற வழுவழுப்பு இருப்பதால் ஆணம் தடிப்பாகும். சபாரா என்ற ஊரில் இந்தக் கீரைக்கென விழாவே எடுக்கிறார்கள்.

இதனை 'ஏழைகளின் இறைச்சி' என்றும் சொல்வார்கள். இங்கேதான் தாய்மார் சற்று நிதானிக்க வேண்டும். உலர்ந்த இலையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் புரதம் உண்டு என்பது மெய்யே. ஆனால் நாம் சட்டியில் போடுவது உலர்ந்த இலையையா? பச்சை இலையில் பெரும்பகுதி தண்ணீர். 100 கிராம் பச்சை இலையில் கிடைப்பது சுமார் 2, 3 கிராம் புரதம்தான். ஒரு முட்டையிலேயே ஏறக்குறைய 6 கிராம் இருக்கிறது. நல்ல கீரைதான், கீரையாகவே உண்ணலாம். இதை நம்பிப் பிள்ளையின் பீங்கானிலிருந்து முட்டையையும் மீனையும் பருப்பையும் எடுத்துவிடாதீர்கள்.

வளர்க்க ஆசைப்படுவோருக்கு இன்னொரு செய்தி. தென்னாபிரிக்காவில் இது மரங்களின் மேலேறி மூடிவிடும் பொல்லாத களையாகிவிட்டது. ஒடிந்த தண்டுத் துண்டு, விழுந்த இடத்திலேயே வேர் பிடித்துக்கொள்ளும்.