நெட் போனாலும் சொல்பேச்சுக் கேட்கும் பிளக்

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. போதாததற்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வேறு. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழலவைக்கும் அதே காற்றில் தென்னை மடல் ஒன்று முறிந்து விழுந்தால் போதும், கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் இன்டர்நெட் கேபிள் அறுந்துவிடும். வீட்டில் கரண்ட் இருக்கும், இன்வெர்ட்டர் புண்ணியத்தில் வைஃபை ரூட்டரும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஃபோனிலிருந்து இயக்கும் ஸ்மார்ட் பிளக்கின் ஆப்பைத் திறந்தால் 'ஆஃப்லைன்' என்று காட்டும்.

ஃபோனும் பிளக்கும் ஒரே அறையில்தான் இருக்கின்றன. இருந்தாலும், பல பிளக்குகளில் நாம் ஃபோனில் தொட்டதும் கட்டளை நேராகப் பிளக்குக்குப் போவதில்லை. எங்கோ இருக்கும் கம்பெனி சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்துதான் விளக்கை எரியவைக்கிறது. வழியில் எங்கே அறுந்தாலும் வேலை நின்றுபோகும். அந்தக் கம்பெனியே கடையைக் கட்டிவிட்டால்? 2022 ஏப்ரலில், ஸ்மார்ட் வீட்டுக் கருவிகள் விற்ற அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் முன்னறிவிப்பு இல்லாமல் சர்வர்களை நிறுத்தியது. கருவிகள் எதுவும் பழுதாகவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்களின் ஆப் மட்டும் வேலை செய்யவில்லை. நம் வீட்டுச் சுவரில் இருக்கும் பொருள் நம் வீட்டுக்குள்ளேயே இயங்கவேண்டும் என்று நினைக்கிறவர்கள் செய்யும் வேலைதான், அதற்குள் இருக்கும் மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை, அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றுவது. மொபைல் கடைக்காரர்கள் 'ஃப்ளாஷ் பண்றது' என்று சொல்வதும் இதைத்தான்.

பிளக்கின் மூடியைத் திறந்தால் உள்ளே பெரிதாக எதுவும் இருக்காது. கரண்டைத் தட்டி நிறுத்த ஒரு ரிலே, 230 வோல்ட்டைக் குறைக்கும் சிறு மின்சுற்று, கட்டைவிரல் நகமளவு ஒரு வைஃபை சிப். பழைய பிளக்குகள் பலவற்றில் அந்தச் சிப் இஎஸ்பி8266. ஷாங்காயின் எஸ்ப்ரெசிஃப் நிறுவனம் 2014இல் வெளியிட்டது. 32 பிட் கணினியும் வைஃபையும் சேர்ந்து மலிவாகக் கிடைத்ததால், பொழுதுபோக்காக எலக்ட்ரானிக்ஸ் செய்கிறவர்கள் அதைக் கொண்டாடினார்கள். நெதர்லாந்தின் தியோ அரெண்ட்ஸ், சோனாஃப் என்ற சீன ஸ்விட்சுக்காக எழுதத் தொடங்கிய டாஸ்மோட்டா என்ற ஃபர்ம்வேர் இன்று ஆயிரக்கணக்கான கருவிகளில் ஓடுகிறது. ஓட்டோ வின்டர் தொடங்கிய இஎஸ்பிஹோம் என்ற மென்பொருளில், சிப்பின் எந்தக் காலில் (பின்) ரிலே, எந்தக் காலில் பட்டன் என்று ஒரு கோப்பில் எழுதிக்கொடுத்தால், அந்தக் கருவிக்கேற்ற ஃபர்ம்வேரை அதுவே தயாரித்துத் தரும். இரண்டுமே இலவசம், இரண்டின் நிரலும் எல்லோரும் படிக்கத் திறந்திருக்கிறது.

2018 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் மைக்கேல் ஸ்டைகர்வால்ட் என்பவர், பல பிராண்டுகளின் பின்னால் இருக்கும் டுயா தளத்துக் கருவிகளின் பாதுகாப்பு எவ்வளவு பலவீனமானது என்று காட்டினார். மூடியைத் திறக்காமல் காற்று வழியாகவே ஃபர்ம்வேரை மாற்றும் வழி அதிலிருந்து பிறந்தது. பிறகு அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. சிப்பும் பெக்கன் என்ற வேறு கம்பெனியுடையதாக மாறியது. அதற்கும் ஓப்பன்பெக்கன் என்ற ஃபர்ம்வேர் வந்துவிட்டது. ஆனால் கடையில் பெட்டியைப் பார்த்து உள்ளே எந்தச் சிப் என்று சொல்ல முடியாது. ஒரே மாடலில்கூட இந்த முறை வந்த சரக்கில் ஒன்று, அடுத்ததில் இன்னொன்று இருக்கும்.

கம்பி வைத்து ஏற்றுவதுதான் நம்பகமான வழி. யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் ஒன்று வேண்டும். அதை 3.3 வோல்ட்டில் வைக்கவேண்டும். 5 வோல்ட் கொடுத்தால் சிப் போய்விடும். பிளஸ், கிரவுண்ட், அனுப்பும் கம்பி, வாங்கும் கம்பி என நான்கு. கடைசி இரண்டையும் மாற்றிக் கொடுக்கவேண்டும்: இங்கே அனுப்புவது அங்கே வாங்கும் காலுக்கு. இஎஸ்பி8266 என்றால், ஜிபிஐஓ0 என்ற காலைக் கிரவுண்டோடு சேர்த்துப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால், சிப் தன் வழக்கமான வேலையைத் தொடங்காமல் புது மென்பொருளுக்காகக் காத்திருக்கும். முதலில் பழைய ஃபர்ம்வேரை முழுசாகப் படித்துக் கணினியில் சேமித்துவிட்டு, அதன்பிறகு அழித்து, புதியதை எழுதுங்கள். சில நிமிட வேலைதான். அடுத்த தடவையிலிருந்து மூடியைத் திறக்கவும் வேண்டாம், வைஃபை வழியே புதுப்பிக்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். இந்தக் கம்பிகள் மாட்டியிருக்கும்போது பிளக்கைச் சுவர் சாக்கெட்டில் செருகவே கூடாது. மலிவு பிளக்குகளின் மின்சுற்று வீட்டு மின்சாரத்திலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டதல்ல. பலகையில் 'கிரவுண்ட்' என்று அச்சிட்ட இடத்திலேயே 230 வோல்ட் இருக்கலாம். உங்கள் லேப்டாப்பும் போகும், உயிரும் போகலாம். வாரன்டி போவதெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமில்லை.

நம் ஊருக்கென்று கவனிக்கவேண்டியது இனிமேல்தான் வருகிறது. கரண்ட் போய் வந்ததும் ரிலே என்ன செய்யவேண்டும் என்பதை டாஸ்மோட்டாவில் பவர்ஆன்ஸ்டேட் என்ற அமைப்பு முடிவுசெய்கிறது. 3 என்று வைத்தால் முன்பிருந்த நிலைக்குத் திரும்பும். ஃபேனுக்கு அது சரி. வாட்டர் ஹீட்டருக்கு 0, அதாவது அணைந்தே இருக்கும் நிலை, வைக்கவேண்டும். ஆளில்லாத வீட்டில் நடுராத்திரி கரண்ட் வந்து ஹீட்டர் தானாக ஓடக்கூடாது. அடுத்தது இன்னும் நுட்பம். கடவுச்சொல்லை மறந்து வெளியே மாட்டிக்கொண்டவர்களுக்காக ஒரு மீட்பு வழி வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு முறையும் பத்து நொடிக்கும் குறைவான இடைவெளியில் கரண்டை நிறுத்தி நிறுத்திப் போட்டு, ஏழாவது முறை விட்டுவைத்தால் எல்லா அமைப்புகளும் அழிந்து பிளக் புதிதாகிவிடும். மழை நாளில் நம் லைனில் கரண்ட் மின்னி மின்னி வருவதை நினைத்துப்பாருங்கள். யாரும் தொடாமலே பிளக் உங்கள் வைஃபையையே மறந்துபோகும். செட்ஆப்ஷன்65 என்பதற்கு 1 கொடுத்தால் இந்த வழி மூடிவிடும். குமரியில் டாஸ்மோட்டா போடுகிறவர்கள் முதலில் செய்யவேண்டியது இதுதான் என்பேன்.

சீலிங் ஃபேனுக்கு வருவோம். பழைய ஃபேன் 75 வாட் இழுத்த இடத்தில் 35 வாட்டில் ஓடும் சூப்பர்ஃபேனைக் கோயம்புத்தூரின் வெர்சா டிரைவ்ஸ் 2012இல் கொண்டுவந்தது. அதில் இருக்கும் பிஎல்டிசி மோட்டார், அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டார், இன்று நாகர்கோவில் கடைகளிலும் பழகிய பெயர். 2023 ஜனவரியிலிருந்து ஃபேனுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகிவிட்டது.

வைஃபை உள்ள பிஎல்டிசி ஃபேனில் பெரும்பாலும் இரண்டு சிப்புகள். ஒன்று மோட்டாருக்கு: சுழலும் காந்தம் எங்கே இருக்கிறது என்று கணித்து, எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் என்று நொடிக்குப் பல தடவை மாற்றுவது. மற்றது வைஃபைக்கு: 'வேகம் மூன்று' என்று முதல் சிப்புக்குச் சொல்வது. டுயா வகையில் இந்தப் பேச்சு 55 ஏஏ என்ற இரண்டு பைட்டுகளோடு தொடங்கும். நாம் மாற்றுவது வைஃபை சிப்பை மட்டுமே. மோட்டார் சிப்பில் கைவைத்துக் கணக்கு பிசகினால் சுருளோ டிரான்சிஸ்டரோ கருகிவிடும். ரிமோட் மட்டும் உள்ள ஃபேன் என்றால் எதையும் திறக்கவே வேண்டாம். அது அகச்சிவப்பு ரிமோட்டாக இருந்தால், ஓர் இஎஸ்பி8266 பலகையில் அகச்சிவப்பு எல்இடி இணைத்து, ரிமோட்டின் குறியீட்டை அதற்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

கிணற்று மோட்டாரை இந்தப் பிளக்கில் மாட்டலாமா என்பது இங்கே அடிக்கடி வரும் கேள்வி. நேரடியாக மாட்டக்கூடாது. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் எந்த ஃபர்ம்வேராலும் மோட்டாரை நிறுத்த முடியாது. எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு கான்டாக்டர், அதாவது பெரிய சுமைக்கான ரிலே, போட்டு, அதன் சுருளை மட்டும் பிளக் இயக்கும்படி செய்துகொள்ளுங்கள். மோட்டாரின் சுமையைக் கான்டாக்டர் தாங்கும்.